லைசென்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

கேரள – தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பால் சங்கங்களுக்கென்று ஒரு கல்லூரி மாணவி ரசீது போடும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார். பால் ஊற்றுகிறவரின் எண்ணைத் தட்டினால் பெயர் வரும். லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றையும் கொடுத்தால் விலை வரும். ரசீது தமிழிலோ மலையாளத்திலோ அச்சாகும். தமிழ் படித்தவரும் மலையாளம் படித்தவரும் ஒரே வரிசையில் கேனோடு நிற்கும் ஊர்களில் இது பெரிய வசதி. அக்கம்பக்கத்துச் சங்கங்களும் கேட்கத் தொடங்கின. வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். சரி, டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் நிறுவும் டெப் பேக்கேஜாகக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தவர் பாதியில் நின்றுவிட்டார். “ஏனுங்கண்ணா, லைசென்ஸ்னு ஒரு இடம் வருதுங்க. அதுல என்ன போடறது? எல்லாமே நெட்ல ஓப்பன் சோர்ஸா எடுத்ததுதானுங்களே?”

மென்பொருளைக் கட்டிப் பிறருக்குக் கொடுக்க முனையும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். பலர் எம்ஐடி என்றோ ஜிபிஎல் என்றோ கைக்கு வந்த உரிமத்தின் பெயரைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் எழுதுவது நம் விருப்பம் மட்டும் அல்ல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாரிடமிருந்து, என்ன நிபந்தனையோடு வந்தது என்று பார்த்த பிறகுதான் அங்கே எதை எழுத முடியும் என்பதே தெரியவரும்.

முதலில் சட்டத்தின் அடிப்படை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. கதை எழுதியவருக்கு இருக்கும் உரிமை நிரல் எழுதியவருக்கும் உண்டு. அதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். ஆகவே ஒரு நிரல் இணையத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்பதாலேயே அதை நகலெடுத்து விநியோகிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் லைசென்ஸ் கோப்பே இல்லாத களஞ்சியங்கள் (நிரல் தொகுப்புகள்) ஏராளம். அவற்றைப் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே கிளை பிரித்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தின் விதிகள் அவ்வளவுதான் தருகின்றன. எடுத்து நம் பேக்கேஜுக்குள் வைக்க எழுதியவரின் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதியை உலகத்தில் யாருக்கும், முன்கூட்டியே, நிபந்தனைகளோடு எழுதி வைப்பதுதான் லைசென்ஸ். நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லாமல் போகிறது. மிஞ்சுவது பதிப்புரிமை மீறல். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஜேக்கப்சன் – காட்சர் வழக்கைப் படிக்கலாம். பொம்மை ரயில்களை ஓட்டும் ஒரு திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளிலிருந்து கோப்புகளை எடுத்த நிறுவனம் எழுதியவர்களின் பெயரையும் குறிப்புகளையும் விட்டுவிட்டது. காசு வாங்காமல் கொடுத்திருந்தாலும் அந்த நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே செல்லும் என்று அங்கிருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் சொன்னது.

இந்தப் பொறுப்பு எப்போது நம் தலையில் ஏறுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஒரு ஜிபிஎல் நிரலை இறக்கி, உங்கள் விருப்பப்படி மாற்றி, உங்கள் கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் நிபந்தனைகள் விழித்துக்கொள்கின்றன. பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது, வாட்ஸாப்பில் அனுப்புவது, தளத்தில் ஏற்றுவது, கணினி விற்கும்போதே உள்ளே நிறுவிக் கொடுப்பது எல்லாம் விநியோகம்தான். விற்கிறோமா சும்மா தருகிறோமா என்பது இங்கே கணக்கில்லை. வாளையாறு தாண்டிக் கொடுக்கிறோமா, ஊருக்குள்ளேயே கொடுக்கிறோமா என்பதும் கணக்கில்லை. ஒரு விதிவிலக்கு ஏஜிபிஎல் என்ற உரிமம். 2007இல் வந்த இதன் மூன்றாம் பதிப்பின்படி, நீங்கள் மாற்றிய நிரலைச் சர்வரில் வைத்து மற்றவர்களை இணையம் வழியாகப் பயன்படுத்த விட்டாலே அவர்களுக்கு மூல நிரலை (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை) தர வேண்டும்.

லைசென்ஸ்களின் குடும்பங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியவை தாராளமானவை. எடுத்து மூடிய மென்பொருளுக்குள்கூட வைக்கலாம். ஜிபிஎல் அப்படியல்ல. அதிலிருந்து உருவானதை வெளியே கொடுத்தால் அதையும் ஜிபிஎல்லிலேயே, மூல நிரலோடு கொடுக்க வேண்டும். எல்ஜிபிஎல், எம்பிஎல் இரண்டும் நடுவில் நிற்கின்றன. அந்த உரிமத்தில் வரும் லைப்ரரியில் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரலில்) நீங்கள் செய்த மாற்றங்களைத் திறந்து வைக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் உங்கள் சொந்த நிரலுக்கு வேறு உரிமம் வைத்துக்கொள்ளலாம்.

தாராளமானவை எதுவுமே கேட்பதில்லை என்ற நினைப்புதான் எனக்குப் பெரிய கவலை. எம்ஐடி உரிமம் ஒரு பக்கம்கூட வராது. அதற்குள் ஒரே ஒரு நிபந்தனை: பதிப்புரிமைக் குறிப்பும் அனுமதிக் குறிப்பும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் பெரும்பாலும் மீறுகிறார்கள். எழுதியவர் கேட்டதெல்லாம் தன் பெயர் கூடவே வரட்டும் என்பதுதான். கோப்பைச் சுருக்கும்போது ‘தேவையில்லாதது’ என்று லைசென்ஸ் கோப்பை அழித்துவிடுகிறார்கள். அப்பாச்சி 2.0 கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். நோட்டிஸ் என்ற கோப்பு இருந்தால் அதிலுள்ள பெயர்க் குறிப்புகளைச் சேர்த்துத் தர வேண்டும். மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்று எழுத வேண்டும். பதிலுக்கு எழுதியவர்கள் தங்கள் காப்புரிமைகளை (பேட்டன்ட்) பயன்படுத்தும் அனுமதியையும் சேர்த்தே தருகிறார்கள். எம்ஐடி வாசகத்தில் அப்படி வெளிப்படையாக எதுவும் இல்லை.

இனி அந்தப் பால் நிரலின் கோப்புறையைத் திறந்து பார்ப்போம்.

முதலில் நிரலின் முதுகெலும்பு. பைத்தானில் எழுதியிருக்கிறார், திரைக்கு பைக்யூட்டி; திரைகளை அமைக்கும் க்யூட் என்ற தொகுப்பைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் லைப்ரரி அது. இங்கேயே முடிவு பாதி ஆகிவிடுகிறது. பைக்யூட்டி இரண்டு வழிகளில் கிடைக்கும்: ஜிபிஎல் 3, அல்லது காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம். வாங்கவில்லை என்றால் அதன்மேல் எழுதிய நிரலையும் ஜிபிஎல்லுக்கு ஏற்றபடிதான் வெளியே கொடுக்க முடியும். மூடி வைத்து விற்க வேண்டும் என்றால் பைசைட் என்ற மாற்று லைப்ரரியின் பக்கம் போகலாம். அதே க்யூட் திரைகள்தான், உரிமம் எல்ஜிபிஎல். நிரலில் மாற்ற வேண்டிய வரிகள் அதிகம் இருக்காது. ஆனால் இதை முதல் நாளே தெரிந்துகொண்டு தொடங்குவது வேறு, எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொள்வது வேறு. இந்த மாணவிக்கு ஜிபிஎல் பிடித்தே இருந்தது. தன் நிரலைத் திருத்தி யாரோ ஒருவர் கதவைச் சாத்திவிட்டு விற்பதை அவர் விரும்பவில்லை.

ரசீதைப் பிடிஎஃப் ஆக்க ரிப்போர்ட்லேப் என்ற லைப்ரரி. அது பிஎஸ்டி, ஜிபிஎல்லோடு தாராளமாகச் சேரும்.

அடுத்தது எழுத்துருக்கள். தமிழுக்கு மீரா இனிமை, மலையாளத்துக்கு மஞ்சரி. இரண்டும் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்டவை; இரண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற ஓஎஃப்எல் கீழ் வருபவை. மலையாளத்துக்காகத் தொடங்கிய குழு தமிழுக்கும் ஓர் எழுத்துருவைச் செய்து கொடுத்திருக்கிறது என்பதை நினைத்தால் எல்லையோரத்துக்காரனாக எனக்கு நிறைவாக இருக்கிறது. ஓஎஃப்எல்லின்படி எந்த மென்பொருளோடும் சேர்த்துக் கொடுக்கலாம், அந்த மென்பொருளை விற்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உரிம வாசகம் கூடவே போக வேண்டும். பெயர் ஒதுக்கி வைக்கப்பட்ட எழுத்துரு என்றால், ஒரே ஓர் எழுத்தின் வளைவைத் திருத்தினாலும் அதை வேறு பெயரில்தான் வெளியிட வேண்டும். அந்த எழுத்துருவில் அச்சாகும் ரசீதுகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர் டிடிபி கடைகளிலும் அச்சகங்களிலும் எழுத்துருக்கள் பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்குப் பரவியவை. எது காசு கொடுத்து வாங்க வேண்டியது, எது திறந்தது என்று எந்தக் குறிப்பும் இருக்காது. கணினியில் இருக்கிறதே என்று எடுத்து மென்பொருளுக்குள் வைத்துவிட்டால், பேக்கேஜில் மிகத் தெளிவாகத் தெரியும் மீறல் அதுவாகத்தான் இருக்கும். எழுத்துருக் கோப்பின் உள்ளேயே பதிப்புரிமைக்கும் உரிமத்துக்கும் இடம் உண்டு. விவரங்கள் பகுதியைத் திறந்து படித்துவிட்டு அப்புறம் சேருங்கள்.

பொத்தான் சின்னங்கள் ஃபான்ட் ஆசம் இலவசத் தொகுப்பிலிருந்து. ஒரே தொகுப்புக்குள் மூன்று உரிமங்கள்: படங்களுக்குப் பெயர் குறிக்கச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமான சிசி பிஒய் 4.0, எழுத்துருக் கோப்புகளுக்கு ஓஎஃப்எல், நிரலுக்கு எம்ஐடி. இந்த மென்பொருளின் உரிமம் இது என்று ஒற்றை வரியில் சொல்வது ஏன் பெரும்பாலும் தவறாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

தேதியைத் தமிழ் வடிவில் மாற்ற, நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் யாரோ கொடுத்த பதிலிலிருந்து ஒரு துண்டை அப்படியே ஒட்டியிருந்தார். அந்தத் தளத்தில் 2018 மே 2 முதல் எழுதப்பட்டவை சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 கீழ் வருகின்றன. எழுதியவர் பெயரும் பதிலின் முகவரியும் தர வேண்டும். அதிலிருந்து உருவாக்கியதும் அதே வகை உரிமத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமத்தில் இருப்பதை ஜிபிஎல் 3 படைப்புக்குள் கொண்டுவர 2015 முதல் வழி இருக்கிறது. திரும்பும் வழி இல்லை. அதனால் இங்கே சிக்கல் வராது, பெயரைக் குறித்தால் போதும். சின்னத் துண்டு என்றால் கருத்தைப் புரிந்துகொண்டு நாமே எழுதிவிடுவது இன்னும் நல்லது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான்.

பால் நிறுவனத்தின் சின்னத்தை ரசீதின் தலைப்பில் வைத்திருந்தார். அதற்கு மேலே சொன்ன எந்த லைசென்ஸும் உதவாது. அது வணிகச் சின்னம்; அது தனிச் சட்டம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லாவின் நிரல் முழுக்கத் திறமூலம். ஆனாலும் பெயர், சின்னம் தொடர்பான விதிகள் ஒத்துவராததால் டெபியன் 2006இல் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயர் வைத்துக் கொடுத்தது. 2016இல்தான் பழைய பெயர் திரும்பியது. ஆகவே பேக்கேஜில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, சங்கங்கள் தங்களுக்கு அனுமதி உள்ள படத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளும்படி மாற்றினோம்.

கடைசியாக, நிரலின் இதயம். கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் வைத்து விலை கணக்கிடும் கோப்பு. அதை எங்கிருந்தோ எடுத்திருந்தார். தேடிப் பார்த்தால் கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம். அதன் அறிமுகக் கோப்பான ரீட்மியில் ஓப்பன் சோர்ஸ் என்று ஒரு சொல். லைசென்ஸ் கோப்பு இல்லை. கோப்பின் தலையிலும் ஒன்றும் இல்லை.

பேக்கேஜ் கட்டுகிறவர் உண்மையில் உழைக்க வேண்டிய இடம் இதுதான். மற்றவையெல்லாம் படித்துக் குறித்துக்கொள்ளும் வேலை. இங்கே உரிமமே தெளிவாக இல்லை. நாமாக ஊகிக்கக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் என்று எழுதியதால் எம்ஐடியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எழுதியவரிடம் கேட்க வேண்டும். பலருக்கு இதில் தயக்கம். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைக்கிறார்கள். தன் நிரலை ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்று சந்தோஷப்படுகிறவர்களே அதிகம். லைசென்ஸ் சேர்க்க மறந்துபோனவர்கள்தான் பெரும்பாலானோர், மறுப்பவர்கள் குறைவு.

கேட்கும் விதம் முக்கியம். ‘நான் பயன்படுத்தலாமா?’ என்று கேட்டால் ‘தாராளமாக’ என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த அனுமதி உங்களுக்கு மட்டும். உங்களிடமிருந்து வாங்கும் சங்கத்துக்கும், அங்கிருந்து வாங்கும் அடுத்த சங்கத்துக்கும் அது போய்ச் சேராது. டெபியனுக்கு மட்டும் என்று கொடுக்கப்படும் அனுமதியை டெபியனே கட்டற்றதாக ஏற்பதில்லை. 1997இல் வந்த அதன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளில் அது எட்டாவது. ஆகவே உரிமத்தை எல்லோருக்கும் பொதுவாக வெளியிடும்படி கேட்க வேண்டும். மாணவி அனுப்பிய கடிதத்தின் சாரம் இது:

“வணக்கம். உங்கள் பால் விலைக் கணக்கு நிரலை என் ரசீது மென்பொருளில் சேர்த்து, பேக்கேஜாகப் பலருக்கும் கொடுக்க விரும்புகிறேன். களஞ்சியத்தில் லைசென்ஸ் கோப்பைக் காணவில்லை. ரீட்மியில் ஓப்பன் சோர்ஸ் என்று மட்டும் இருக்கிறது. எந்த உரிமத்தில் வெளியிட நினைத்தீர்கள்? அதன் முழு வாசகத்தையும் உங்கள் பெயர், ஆண்டோடு லைசென்ஸ் என்ற கோப்பாகச் சேர்க்க முடியுமா? எம்ஐடி என்றாலும் ஜிபிஎல் 3 என்றாலும் என் மென்பொருளோடு ஒத்துப்போகும். ஜிபிஎல் 2 என்றால் ‘அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்பதும் உண்டா என்று தெரிவியுங்கள். வேறு சிலரும் இதில் திருத்தங்கள் செய்திருப்பது பதிவுகளில் தெரிகிறது. அவர்களுக்கும் சம்மதமா என்று கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.”

இந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, பிந்தைய பதிப்பு பற்றிய கேள்வி. ஜிபிஎல் 2 1991இல் வந்தது, ஜிபிஎல் 3 2007இல். ‘இரண்டு மட்டும்’ என்று வெளியிட்டதை ‘மூன்று’ என்று இருப்பதோடு கலந்து ஒரே நிரலாகக் கொடுக்க முடியாது. பைக்யூட்டி மூன்றில் இருக்கிறது. ஆகவே பதில் ‘இரண்டு மட்டும்’ என்று வந்திருந்தால் அந்தக் கோப்பை விட்டுவிட்டுத் தானே எழுத வேண்டியதுதான். ‘இரண்டு அல்லது பிந்தையது’ என்றால் ஒரு தடையும் இல்லை. அப்பாச்சி 2.0வுக்கும் இதே கதைதான். ஜிபிஎல் 3உடன் சேரும், ஜிபிஎல் 2உடன் மட்டும் என்றால் சேராது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் நிலைப்பாடு.

இரண்டாவது, மற்றவர்களின் சம்மதம். திருத்தம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தான் எழுதிய பகுதியின்மேல் உரிமை உண்டு. களஞ்சியத்தின் சொந்தக்காரர் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து உரிமம் கொடுத்துவிட முடியாது. காசுக்கு எழுதிக் கொடுத்தவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் வேலைக்காரராக, வேலையின் பகுதியாக எழுதிய நிரல், மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியுடையது. தனியாக ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தவரின் நிரல், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை, அவருடையதே. சங்கம் பணம் கொடுத்ததால் நிரல் சங்கத்துக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வது சர்வசாதாரணம்.

பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். களஞ்சியத்திலேயே லைசென்ஸ் கோப்பு சேர்ந்துவிட்டால் மிக நல்லது. மின்னஞ்சலில் மட்டும் சொன்னால், அந்த வரிகளைத் தேதியோடு பேக்கேஜின் பதிப்புரிமைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, மூலத்தைப் பார்க்காமல், சங்கத்தின் விலைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுத வேண்டும். இங்கே பதில் வந்தது. எம்ஐடி.

நல்லெண்ணத்தோடு எழுதிய நிபந்தனைகளும் கதவை அடைத்துவிடுவது உண்டு. ஜேசான் என்ற தரவு வடிவம் தொடர்பான ஒரு பழைய உரிமத்தில், இந்த மென்பொருளை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. யார் மறுப்பார்கள்? ஆனால் எது நன்மை, எது தீமை என்று தீர்ப்பவர் யார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த உரிமத்தில் வந்த நிரல்களை டெபியன் தன் முதன்மைத் தொகுப்பில் ஏற்கவில்லை. தமிழில் வரும் அகராதிகள், சொற்பட்டியல்கள், விசைப்பலகைகள் பலவற்றில் ‘தமிழ் வளர்ச்சிக்கு மட்டும்’, ‘விற்கக் கூடாது’, ‘கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் விரும்பியது தமிழ் பரவ வேண்டும் என்பது. நடப்பது வேறு. எந்த லினக்ஸ் வழங்கலும் அதைச் சேர்க்க முடிவதில்லை. ரசீது போட்டுக் காசு வாங்கும் ஒரு பால் சங்கம் அதைத் தொடலாமா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. தமிழுக்கென்று உழைக்கிறவர்கள் எல்லோரும் அறிந்த உரிமம் ஒன்றைச் சொல் மாற்றாமல் எடுத்து வைத்தால் அவர்கள் உழைப்பு இன்னும் வெகுதூரம் போகும். கேரளப் பள்ளிகளில் அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவைத் தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றி ஆயிரக்கணக்கான கணினிகளில் நிறுவ முடிந்ததே, அதில் இருக்கும் நிரல்களை எழுதியவர்கள் யாரையும் கேட்காமல் மாற்றவும் பகிரவும் முன்கூட்டியே அனுமதித்திருந்ததால்தான்.

இப்போது எழுதும் வேலை. சரக்கு லாரியின் இ-வே பில்லில் ‘பலவகைச் சாமான்’ என்று ஒரே வரி எழுத முடியாது. எந்தப் பொருள், யாருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும். டெப் பேக்கேஜில் காப்பிரைட் என்ற கோப்பு அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் கணினி டெபியனோ உபுண்டுவோ என்றால் யுஎஸ்ஆர், ஷேர், டாக் என்று இறங்கிப் போங்கள். ஒவ்வொரு பேக்கேஜ் பெயரிலும் ஒரு கோப்புறை, அதற்குள் இந்தக் கோப்பு. இரண்டு மூன்றைத் திறந்து படித்தாலே வடிவம் பிடிபட்டுவிடும். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று விவரங்கள்: எந்தக் கோப்புகள், யாருடைய பதிப்புரிமை, எந்த உரிமம். பால் நிரலுக்கு எழுதியதில் சில பத்திகளைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

கோப்புகள்: எல்லாம்
பதிப்புரிமை: மாணவியின் பெயர், ஆண்டு
உரிமம்: ஜிபிஎல் 3 அல்லது பிந்தையது

கோப்புகள்: விலைக்கணக்கு கோப்புறையில் உள்ளவை
பதிப்புரிமை: மூல ஆசிரியரும் திருத்தியவர்களும்
உரிமம்: எம்ஐடி

கோப்புகள்: எழுத்துரு கோப்புறையில் உள்ளவை
பதிப்புரிமை: எழுத்துருக் கோப்புக்குள் இருப்பது அப்படியே
உரிமம்: ஓஎஃப்எல் 1.1

முதல் பத்தி பொதுவானது. கீழே வரும் பத்திகள் அந்தந்தப் பகுதிக்கு அதை மாற்றுகின்றன. ஜிபிஎல் வாசகம் டெபியனிலேயே பொது உரிமங்கள் என்ற கோப்புறையில் இருப்பதால் அதைச் சுட்டினால் போதும். எம்ஐடி வாசகத்தையும் ஓஎஃப்எல் வாசகத்தையும் முழுதாக ஒட்ட வேண்டும். மாணவி முதலில் கேட்ட இடத்துக்குரிய பதில் முதல் பத்தியின் மூன்றாவது வரி. ஆனால் அதற்குக் கீழே இருப்பவற்றைத் தீர்த்த பிறகே அதை எழுத முடிந்தது.

எந்தக் கோப்பில் என்ன குறிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. லைசென்ஸ்செக் என்ற கருவி கோப்புத் தலைப்புகளைப் படித்துப் பட்டியல் போடும். அது கண்டுபிடிக்காததை நாம் படிக்க வேண்டும். அது கண்டுபிடித்ததையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். நம் சொந்தக் கோப்புகளின் தலையில், உரிமத்தைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டை ஒரு வரியாகப் போட்டுவிட்டால் அடுத்துக் கட்டுகிறவருக்கு இந்தச் சிரமம் இருக்காது. ‘மட்டும்’ என்பதற்கும் ‘பிந்தையதும்’ என்பதற்கும் தனித்தனிக் குறியீடுகள் இருப்பதால் குழப்பத்துக்கே இடமில்லை. இந்த முறை 2021 முதல் ஐஎஸ்ஓ தரமாகவும் இருக்கிறது.

விண்டோஸ் வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டிக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெப் பேக்கேஜ் மற்ற லைப்ரரிகளைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. நிறுவும்போது டெபியனிலிருந்து வரட்டும் என்று பெயரை மட்டும் சொல்கிறது. அவற்றின் உரிமக் குறிப்புகள் அவற்றின் பேக்கேஜ்களிலேயே வந்துவிடும். பைஇன்ஸ்டாலர் போன்ற கருவியால் கட்டினால் பைத்தான் முதல் க்யூட் வரை எல்லாம் உங்கள் கோப்புக்குள் அடங்கிவிடுகின்றன. இப்போது அத்தனையையும் விநியோகிப்பவர் நீங்கள். அவற்றின் உரிம வாசகங்களையெல்லாம் ஒரு கோப்புறையில் சேர்த்து உடன் தர வேண்டியதும் நீங்கள்தான்.

மூல நிரலைத் தருவது பற்றியும் சொல்ல வேண்டும். ஜிபிஎல் 3இன்படி பென்டிரைவில் நிரலைக் கொடுத்தால் அதே பென்டிரைவில் மூல நிரலையும் வைத்துவிடுவது எளிய வழி. அல்லது, கேட்டால் தருகிறேன் என்று குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து வாக்குறுதியை உடன் வைக்கலாம். தளத்தில் ஏற்றினால் இறக்கும் இடத்திலேயே மூல நிரலுக்கும் சமமான வழி இருக்க வேண்டும். மூல நிரல் என்றால் பேக்கேஜைக் கட்டப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளும் சேர்த்துத்தான், பழைய பதிப்பு அல்ல, கொடுத்த அதே பதிப்பு. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இருப்பதைப் பலர் கண்டுபிடித்து மூல நிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல இயங்குதளம் வளர்ந்து இன்று எத்தனையோ வகை ரவுட்டர்களில் ஓடுகிறது. மூல நிரலைக் கேட்கும் உரிமை வெறும் சடங்கு இல்லை என்பது அங்கே தெரிந்தது.

ஒருமுறை பார்த்து முடித்ததோடு வேலை ஓயாது. உரிமங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்ம் 2023 ஆகஸ்டில் எம்பிஎல்லை விட்டு, போட்டியாளர்களைக் கட்டுப்படுத்தும் உரிமத்துக்குப் போனது. பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் கிளைத்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டியை விட்டது. வால்க்கி என்ற கிளைத் திட்டம் அந்த பிஎஸ்டி நிரலைத் தொடர்ந்தது. 2025இல் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு வழியாகச் சேர்த்தது. இவற்றில் எதிலும் முன்பே கொடுத்த பதிப்புகளின் அனுமதி திரும்பப் பெறப்படவில்லை. மாறியது புதிய பதிப்புகளுக்குத்தான். ஆகவே பேக்கேஜில் இருக்கும் எதையும் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது, பழைய மூலக் கோப்புறையையும் புதியதையும் ஒப்பிட்டு, லைசென்ஸ், காப்பிங், நோட்டிஸ் ஆகிய கோப்புகளிலும் கோப்புத் தலைப்புகளிலும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால், முடிவெடுக்கும் வரை பழைய பதிப்பிலேயே இருங்கள்.